கண்ணாடி போட்டவனின் ஹெட்போன்: மூன்று வாரக் குறிப்புகள்

பழைய ஹெட்போனின் குஷன் உரிந்து கறுப்புத் துகள் கன்னத்தில் ஒட்ட ஆரம்பித்ததால் புதிதாக ஒன்று வாங்கினேன். காதை முழுதாக மூடும் வகை, பின்பக்கம் அடைத்தது, 80 ஓம், 270 கிராம். எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடுகிறேன். அதை மதிப்பிடப் போய் நான் எங்கெல்லாம் ஏமாந்தேன் என்பதுதான் விஷயம்.

முதல் நாள், மாட்டிய ஐந்தாவது நிமிஷத்திலேயே நோட்டில் தீர்ப்பு எழுதிவிட்டேன்: "பாஸ் (தாழ்ந்த ஒலி) இல்லை, பழசே தேவலை." சோதனைக்கு நான் எப்போதும் போடுவது கச்சேரிப் பதிவு. தம்புராவின் ரீங்காரத்தில் மேல் சுரங்கள் தனியாக மினுங்கினால் ட்ரெபிள், அதாவது மேல் ஒலி, சரி. மிருதங்கத்தின் இடந்தலையில், அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத்தில், கும்கி என்னும் இழுப்போசை வழுக்கிக்கொண்டு போவது வயிற்றில் படுகிற மாதிரி கேட்டால் பாஸ் சரி. இதில் வலந்தலையில் விரல் படும் ஓசை அத்தனை துல்லியம். இடந்தலையோ அட்டைப்பெட்டியைத் தட்டியது போல இருந்தது.

நான்காம் நாள் வியர்வை துடைக்க எல்லாவற்றையும் கழற்றினேன். மறுபடி மாட்டும்போது மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன். அதே பதிவு, அதே வால்யூம். இடந்தலை வந்து உட்கார்ந்துவிட்டது!

காரணம் எளிது. கண்ணாடியின் காதோரப் பட்டை குஷனைத் தூக்கி ஒரு சந்து உண்டாக்குகிறது. அடைத்த வகை ஹெட்போனில் காதைச் சுற்றியுள்ள காற்று வெளியேறாமல் இருந்தால்தான் தாழ்ந்த அதிர்வெண்கள் நிற்கும். சந்து விழுந்தால் முதலில் கசிவது அவைதான். மேல் ஒலிகளுக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. இதைச் சோதிக்க 50 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியை ஓடவிட்டு, இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். அழுத்தும்போது சத்தம் கூடினால் கசிவு இருக்கிறது. என் தடித்த பிளாஸ்டிக் ஃபிரேமோடு சத்தம் குபீரென்று ஏறியது; மேஜையில் கிடந்த பழைய மெல்லிய கம்பி ஃபிரேமோடு லேசாகத்தான். ஆக, சொகுசு வேறு, ஒலி வேறு என்று நோட்டில் இரண்டு பத்தி பிரித்து வைத்திருந்ததே தப்பு. குஷன் எப்படி உட்காருகிறதோ அப்படித்தான் கேட்கும்.

இரண்டாவது ஏமாற்றம் வால்யூம். பழசு "துள்ளலாக" இருக்கிறது என்று எழுதியிருந்தேன். போனில் ஒரே அளவில் வைத்தால் பழசு சத்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். சத்தம் குறைந்தால் பாஸையும் உச்ச ஒலியையும் காது கூடுதலாக இழக்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து வரைந்துவிட்டார்கள். எனவே ஒரு கெட்டி அட்டையில் ஓட்டை போட்டு, போனின் மைக்கை அதில் பொருத்தி, கிண்ணத்தை மேலே வைத்து, பிங்க் நாய்ஸ் என்ற, எல்லா அதிர்வெண்களும் கலந்த இரைச்சலை ஓடவிட்டு இரண்டையும் ஒரே டெசிபலுக்குக் கொண்டுவந்தேன். ஆய்வுக்கூடக் கணக்கு இல்லை. ஆனால் ஒப்பிட இது போதும். துள்ளல் காணாமல் போனது. பழசின் பாஸ் ஊதிப்போய் பாடகரின் கீழ் ஸ்தாயி மேல் படிந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கலாம் என்று தங்கையை மாட்டிவிடச் சொன்னேன். "இது புதுசுதானே அண்ணா, தொட்டாலே தெரியுதே" என்று அவளே சிரித்துவிட்டாள். உண்மைதான். எடையும் குஷனும் காட்டிக்கொடுத்துவிடும். ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஆய்வாளர் ஷான் ஆலிவ் குழுவினர் இதைச் சமாளிக்க ஒரே ஹெட்போனில் ஈக்வலைசர் (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் கூட்டிக் குறைக்கும் வசதி) வைத்து மற்ற ஹெட்போன்களின் ஒலியை வரவழைத்துக் கேட்க வைத்தார்கள். வீட்டில் எனக்கு அந்த வசதி இல்லை.

இனி இறுக்கம். இருபதாவது நிமிஷத்தில் தாடை, நாற்பதில் சூடு, ஒன்றரை மணி நேரத்தில் உச்சந்தலை: வலி இந்த வரிசையில்தான் வருகிறது. கடையில் ஐந்து நிமிஷம் மாட்டிப் பார்ப்பது எதையும் சொல்லாது. அடுக்கிய புத்தகங்களின் மேல் ஓரிரவு விரித்து வைத்தால் தளரும் என்றார்கள். நான் பேராசையில் மூன்று இரவு வைத்தேன். தாடை வலி போயிற்று. கூடவே பாஸும் போயிற்று. குனிந்தால் ஹெட்போனே மடியில் விழுந்தது. தலைப்பட்டையின் உலோகத் தகட்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, 50 ஹெர்ட்ஸை ஓடவிட்டபடியே பாதி வழிக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். அந்த அரை மணி நேரம் மூச்சே விடவில்லை.

சென்னை வெயிலுக்கு வெல்வெட் குஷனும் போட்டுப் பார்த்தேன். காது காய்ந்தே இருந்தது. ஆனால் துணி வழியே காற்று போவதால் பாஸ் மெலிந்தது. மழைக்காலம் வரும்வரை வெல்வெட்டே இருக்கட்டும், ஈக்வலைசரில் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறேன்.

கம்பி ஃபிரேமின் பவர் பழசாகிவிட்டதால் நேற்று கண்ணாடிக் கடைக்குப் போனேன், பையில் ஹெட்போனோடு. ஒவ்வொரு ஃபிரேமாகப் போட்டு, மேலே ஹெட்போனை மாட்டி, இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது ஃபிரேமில் கடைக்காரர் தாங்கவில்லை: "சார், உங்களுக்குக் கண்ணுல பிரச்சினையா, காதுலயா?"