முப்பது வயதில் முதற்போட்டி: டெசிரி எலிஸ் என்னும் பயிற்றுவிப்பாளர்

தென்னாபிரிக்க மகளிர் உதைபந்தாட்ட அணியை வழிநடத்திய டெசிரி எலிஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் வென்ற கிண்ணங்களிலிருந்தே தொடங்குகிறார்கள். எனக்கோ அவர் ஆட முடியாமற்போன ஆண்டுகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. 1963இல் கேப் டவுனில் பிறந்த அவருடைய இருபதுகள் ஏறக்குறைய முழுவதும், நிறவெறி ஆட்சியின் காரணமாகத் தென்னாபிரிக்கா பீஃபாவுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த காலத்திலேயே கழிந்தன. 1992இல் நாடு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டு, 1993 மே மாதம் மகளிர் அணி சுவாசிலாந்துக்கு எதிராகத் தன் முதலாவது சர்வதேசப் போட்டியில் இறங்கியபோது அவருக்கு வயது 30. 14-0 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் அவர் 3 கோல்கள் அடித்தார். நாட்டுக்காக ஆடுவதற்கு விடுப்பு எடுத்ததால், அந்நாள்களில் பார்த்துவந்த வேலையையும் இழந்தார்.

பின்னர் அணித்தலைவியாகி, 2002இல் ஓய்வு பெற்றார். ரியோ ஒலிம்பிக் முடியும்வரை நெதர்லாந்தைச் சேர்ந்த வேரா பாவுக்கு உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். 2016இல் பாவ் விலகியபோது பொறுப்பு எலிஸிடம் வந்தது. ஆனால் 'இடைக்கால' என்ற அடைமொழியோடுதான் வந்தது. அந்த அடைமொழியோடே அணியை ஆபிரிக்கக் கிண்ணப் போட்டிக்குக் கொண்டு சென்றார்; 2017இல் தெற்கு ஆபிரிக்க நாடுகளுக்கான கொசாஃபா கிண்ணத்தையும் வென்றார். நிரந்தர நியமனம் 2018 பெப்ரவரியில்தான் கிடைத்தது. அணித்தலைவியாக இருந்து, அதே அணியின் உதவிப் பயிற்றுவிப்பாளராகவும் பணியாற்றிய ஒருவரை ஓராண்டுக்கும் மேலாகச் சோதித்துப் பார்க்க என்ன தேவை இருந்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அவருடைய ஆட்ட உத்திகளைவிட, தோல்விகளுக்குப் பின் அவர் நடந்துகொண்ட விதத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். 2018இல் கானாவில் நடந்த ஆபிரிக்கக் கிண்ண இறுதிப் போட்டியில் நைஜீரியாவிடம் பெனால்டி உதைகளில் தோற்றார்கள். 2019இல் முதன்முறையாக உலகக் கிண்ணத்தில் ஆடி, ஸ்பெயின், சீனா, ஜேர்மனி ஆகிய மூன்று அணிகளிடமும் தோற்றுத் திரும்பினார்கள். இத்தகைய முடிவுகளுக்குப் பின் அணியைக் கலைத்துப் புதிதாகத் தொடங்குவதே வழக்கம். எலிஸ் ரெஃபிலோ ஜேனையும், கோல்காப்பாளர் அண்டிலே டிலாமினியையும், தெம்பி க்கட்லானாவையும், லிண்டா மொட்லாலோவையும் மையமாக வைத்தே அணியைத் தொடர்ந்து வளர்த்தார். 2022இல் மொரோக்கோவில் க்கட்லானா குழுநிலைப் போட்டிகளின்போதே கடுங்காயமடைந்து விலக நேர்ந்தும், ரபாத்தில் நடந்த இறுதிப் போட்டியில் ஹில்டா மகாயா அடித்த இரு கோல்களால், சொந்த மண்ணில் ஆடிய மொரோக்கோவை 2-1 என வென்று தென்னாபிரிக்கா முதல் தடவையாக ஆபிரிக்கச் சம்பியனானது.

2023 உலகக் கிண்ணத்துக்குப் புறப்படுவதற்கு முன்னர் கொடுப்பனவு தொடர்பான பிணக்கு வெடித்தது. வீராங்கனைகள் போட்ஸ்வானாவுடனான வழியனுப்புப் போட்டியில் ஆட மறுத்தார்கள். அவசரமாகத் திரட்டப்பட்ட வேறோர் அணி 0-5 என்று தோற்றது. இத்தனைக்கும் பிறகு ஓகஸ்ட் 2ஆம் திகதி வெலிங்டனில் இத்தாலியை எதிர்கொண்டார்கள். கொழும்பில் அப்போது நண்பகல் 12.30, வெள்ளவத்தையில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அந்தப் போட்டியைப் பார்த்தேன். இத்தாலி பெனால்டியில் முந்தியது. அதன் சொந்தக் கோலால் நிலை சமமானது. மகாயா முன்னிலை தந்தார். இத்தாலி மீண்டும் சமன் செய்தது. 90 நிமிடங்கள் முடிந்தபின் சேர்க்கப்பட்ட நேரத்தின் இரண்டாவது நிமிடத்தில், முந்திய ஆண்டு காயத்தால் வெளியேறிய அதே க்கட்லானா கோல் அடித்தார். 3-2. உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்கப் பெண்களின் முதல் வெற்றி அது. அதன் மூலமே இறுதி 16 அணிகளுக்குள்ளும் சென்றார்கள்.

அந்த நாளில் இலங்கையின் உதைபந்தாட்டச் சம்மேளனம் பீஃபாவின் தடையின்கீழ் இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் விதிக்கப்பட்ட அத்தடை ஓகஸ்ட் மாத இறுதியில்தான் நீங்கியது. நிறவெறிக் காலத் தடையோடு அதை ஒப்பிட முடியாது. காரணமும் வேறு, கால அளவும் வேறு. ஆயினும் நிர்வாகத்தின் பிழைக்கான விலையை ஆடுகிறவர்களே தங்கள் வயதால் செலுத்துகிறார்கள் என்பதில் இரண்டும் ஒன்றுதான். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் உதைபந்தாட்டம் கற்று வளர்ந்த பெண்களும், முப்படை அணிகளில் ஆடுகிற பெண்களும் இந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெற்றபின் பயிற்றுவிப்பாளர் தகைமை பெற்று, தோற்றாலும் நான்கைந்து ஆண்டுகள் பொறுப்பில் நீடிக்க இடமளிக்கப்பட வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். 2018இலும் 2019இலும் தோற்ற எலிஸை அகற்றியிருந்தால் 2022இல் ரபாத்தில் அவர் நின்றிருக்க மாட்டார்.

அதன் பின்னரும் எல்லாம் வெற்றியாக அமையவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதியை நைஜீரியாவிடம் ஒரே கோலால் இழந்தார்கள். 2025 ஜூலையில் மொரோக்கோவில் நடந்த ஆபிரிக்கக் கிண்ணத்தில் நான்காம் இடமே கிடைத்தது. அப்போதும் பயிற்றுவிப்பாளர் ஆசனத்தில் எலிஸே அமர்ந்திருந்தார். அவருக்கு வயது 62.