பெயர் ஏறிவிட்டது, இடப்பக்கம் மட்டும்

என் பழைய கால்வாய்ச் சரக்குப் போட்டின் இடப்பக்கக் கேபின் சுவரில் பழைய பெயர் திரும்ப ஏறிவிட்டது. நீலத்தின் மேல் மஞ்சள். எழுத்து வடியவில்லை, பளபளப்பு மங்கவில்லை, 'எஸ்' வயிறு தள்ளவில்லை. போன மாரி தொடங்கி இந்த ஒரு வேலைதான் என்னை இழுத்தடித்தது. இரும்பு, வெல்டிங், தார் எல்லாம் இதோடு ஒப்பிட்டால் சுகமான வேலை.

போட் உங்களில் கன பேருக்குத் தெரிந்த வகைதான். இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாய்ச் சரக்குக் கொம்பனி 1930களின் நடுவில் கூட்டம் கூட்டமாகக் கட்டுவித்த ஸ்டார் வகுப்பு மோட்டார் போட். 70 அடிக்குக் கொஞ்சம் கூட நீளம், 7 அடி அகலம். வூல்விச்சில் ஹார்லண்ட் அண்ட் வோல்ஃப் கட்டியது. பெல்ஃபாஸ்டில் டைட்டானிக்கைக் கட்டிய அதே கொம்பனி, லண்டனில் அவர்களுக்கு இருந்த யார்டில் இந்தச் சின்னச் சாமான்களையும் கட்டியது. நான் இதை எல்லாரிடமும் சொல்லித் திரிகிறேன், மனிசிக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பழைய பெயர் என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. பிறந்து முப்பத்தொண்டு நாள் கழியாமல் பிள்ளையின் பெயரை ஊருக்குச் சொல்லித் திரியக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். போட்டும் தண்ணீரில் இறங்கட்டும். ஒரு நட்சத்திரத்தின் பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'ஏ', 'ஆர்', 'எஸ்' மூன்றும் இருக்கின்றன. எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன பாடு என்று விளங்கும்.

நான் காசு கொடுத்து வேண்டும்போது அது 'டிரீம் கேச்சர்'. பச்சைப் பெயின்ற், கேபினின் இரண்டு பக்கமும் இறகு தொங்கும் ஒரு வட்டம். இங்கிலாந்துக் கால்வாய்களில் அரை நாள் ஓடினால் இன்னொரு டிரீம் கேச்சர் எதிரே வரும். வைத்தவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு அது வீடு. ஆனால் இந்த உடம்புக்கு அந்தப் பெயர் ஒட்டாது.

பழைய பெயரைக் கண்டுபிடித்தது பெயின்றைச் சுரண்டி இல்லை, முதலில் ஒரு இலக்கத்தை வைத்துத்தான். சரக்குப் போட்டுகளைக் கால்வாய்க் கொம்பனிகள் கேஜ் பண்ணி வைத்திருந்தன. தராசில் நிறுத்த பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு தொன்னுக்கும் போட் எத்தனை அங்குலம் தாழுது என்று அட்டவணை போட்டு, ஒரு இலக்கமும் கொடுத்துவிடுவார்கள். பிறகு வழியில் சுங்கக்காரர் கோலை விட்டுத் தண்ணீருக்கு மேல் எத்தனை அங்குலம் காய்ந்து நிற்குது என்று அளந்தால், எவ்வளவு நிலக்கரி இருக்குது, எவ்வளவு காசு கட்ட வேணும் என்று அட்டவணை சொல்லும். அந்த இலக்கத் தகடு விளிம்பில், ஏழெட்டுத் தரம் அடித்த தாருக்குக் கீழே இருந்தது. அந்த ஏடுகளில் கன விஷயம் எல்ஸ்மியர் போர்ட் நீர்வழி அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடக்கிறது. இலக்கம் கிடைத்தால் பெயர் கிடைத்த மாதிரி. தகடு இல்லாத போட்டுகளின் சொந்தக்காரர் பாவம், ரிவெட் வரிசையையும் பழைய படங்களையும் வைத்து வருஷக் கணக்கில் சண்டை பிடிக்க வேண்டியதுதான்.

பெயர் தெரிந்தது. எந்த எழுத்தில், எந்த நிறத்தில் என்பதுதான் அடுத்த கேள்வி. இப்போதுள்ள கேபின் பிறகு வைத்த இரும்புக் கேபின். அதைச் சுரண்டினால் பச்சைக்குக் கீழே மெரூன், மெரூனுக்குக் கீழே வெறும் பிறைமர். ஆனால் பின் கேபினில் குறுக்குக் கட்டிலைக் கழற்றினபோது அடிப்பலகை கொஞ்சம் மொத்தமாக, வேறு மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தால் மறுபக்கம் பெயின்ற். மரக் கேபினைக் கழற்றினவர்கள் அதன் ஒரு துண்டைக் கட்டிலுக்குப் பாவித்திருக்கிறார்கள். கெட்டிக்கார ஆக்கள்.

அந்தப் பலகையை இரவில் மேசையில் படுக்க வைத்து, டோர்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பக்கவாட்டாக அடித்தேன். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. சரிவாக அடிக்கும்போது, எத்தனை கோட் மேலே அடித்திருந்தாலும் எழுத்தின் விளிம்பு ஒரு மயிரளவு மேடாக நிற்கும். 'ஆர்' முழுசாக, 'ஏ' பாதி. அதற்குப் பிறகுதான் உரசல். 400 நம்பர் தாள், நிறையத் தண்ணீர், வட்டமாக. உலரத் தேய்க்க வேண்டாம்: அந்தக் காலப் பெயின்றில் ஈயம் இருக்கும், தூசு நெஞ்சுக்குள் போகும். முகமூடி போட்டுக்கொண்டு, வழித்த சேற்றைத் தனியாகக் கட்டி, குப்பை எடுக்கும் இடத்தில் சொல்லிக் கொடுங்கள். நீலம் வந்தது, நீலத்தின் மேல் மஞ்சள். 1948இல் கால்வாய்களை அரசு எடுத்த பிறகு வந்த நிறம்.

இங்கேதான் என்னோடு கொஞ்சப் பேர் கோபம். 1937இல் ஆறாம் ஜோர்ஜ் முடிசூடியபோது கொம்பனி தன் போட்டுகளுக்கு அடித்த சிவப்பு, வெள்ளை, நீலத்தைத்தான் அடிக்க வேணுமாம், அதுதான் 'அசல்' ஆம். வடிவுதான், ஒத்துக்கொள்கிறேன். யுத்தம் வந்ததோடு அந்த ஆடம்பரம் போய்விட்டது. அதற்குப் பிறகு இந்தப் போட் நீலமும் மஞ்சளுமாகக் கன காலம் வேலை செய்தது. 1962–63 மாரியில் கால்வாய்கள் உறைந்து, அடுத்து அரசு சரக்குப் போட்டுகளைப் பெருமளவில் கைவிட்ட வரைக்கும் அதுதான் நிறம். கையில் பலகை இருக்கும்போது கொண்டாட்ட உடுப்பை ஏன் போட வேணும்? வேண்டாத போட்டுகளை ஹெயர்ஃபீல்டில் கிரவல் கிடங்குகளுக்குள் அமிழ்த்திய காலமும் இருந்தது. அதில் தப்பினது வேலை உடுப்போடுதான் தப்பினது.

சரி, எழுத்து.

முதல் விஷயம், ஸ்பிரிட் லெவலை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். தண்ணீரை வடித்த ட்ரை டொக்கில் போட் கட்டைகளில் நிற்கிற நிலை வேறு, தண்ணீரில் மிதக்கிற நிலை வேறு. அதோடு போட்டின் விளிம்பே நேர்கோடு இல்லை, நுனியை நோக்கி மெல்ல எழும்பும். லெவல் வைத்துக் கோடு போட்டால் பெயர் சரிந்து ஓடுகிற மாதிரித் தெரியும். கைபிடிக் கம்பியில் இருந்து ஒரே அளவு கீழே இரண்டு புள்ளி வைத்து, சோக்குத் தூள் பூசின நூலை இழுத்துப் பிடித்து ஒரு அறை. போட்டுக்கு எது நேரோ அதுதான் நேர். கேபின் சுவர் மேலே போகப் போக உள்ளே சாயும், அதனால் எழுத்தைக் கரையில் நிற்கும் ஆளின் கண் மட்டத்தில் இருந்து பார்த்துச் சரிபார்க்க வேணும், ஏணியில் இருந்து இல்லை.

இடைவெளிக்கு அடிமட்டம் உதவாது. 'ஏ'யின் மேல் பக்கம் ஒடுங்கி இருப்பதால் பக்கத்து எழுத்தை நெருக்கி வைக்க வேணும். சரிசமமாக அளந்தால் அங்கே ஒரு ஓட்டை விழும். 'எஸ்' மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் ஒரு மயிர் தாண்ட வேணும், இல்லாவிட்டால் மற்ற எழுத்துக்களை விடக் குட்டையாகத் தெரியும். பலகையில் இருந்த எழுத்து நிழல் விழுத்தாத மொட்டை எழுத்து. நிழல் இருந்தால் பிசகை அது மறைக்கும், மொட்டை எழுத்தில் ஒளிக்க இடமே இல்லை.

தூரிகை: நீளமான சேபிள் மயிர், நுனி உளி மாதிரி. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். இணையத்தில் மலிவாக வரும் நைலோன் சாமானை ஒருவர் எனக்குப் பரிசாகத் தந்தார். இப்போது எஞ்சினில் ஒயில் துடைக்கிறேன். இனாமல் பெயின்றை எடுத்து ஒரு பழைய கார்ட்டில் இரண்டு பக்கமும் இழுத்து இழுத்து, மயிர் தட்டையாகி விளிம்பு கூராகும் வரைக்கும் பழக்க வேணும். பிறகு ஒரே இழுவை. மூச்சை விட்டுக்கொண்டு இழுக்க வேணும், பிடித்துக்கொண்டு இல்லை. வளைவில் கை வளையக்கூடாது, தூரிகையின் காம்பு விரல்களுக்குள் உருள வேணும். உடைந்த தூண்டில் தடியின் நுனியில் துணியைச் சுற்றிக் கட்டி, மற்றக் கை மணிக்கட்டுக்கு முட்டாக வைத்திருக்கிறேன். கடையில் விற்கிறதை விட அது திறம். வேலை முடிந்ததும் வைற் ஸ்பிரிட்டில் கழுவி, வாஸ்லின் பூசி, மயிரை நேராக்கிப் படுக்க வைத்துவிடுங்கள்.

மஞ்சளின் குணம் கெட்டது. நீலத்தின் மேல் நேரே போட்டால் பச்சை அடிக்கும், எத்தனை கோட் போட்டாலும் உள்ளே நீலம் எட்டிப் பார்க்கும். முதல் கோட்டுக்கு மஞ்சளோடு வெள்ளை கலந்து கிறீம் ஆக்கிப் போட்டுக் காயவிட்டு, மேலே சுத்த மஞ்சள். இந்தத் தந்திரம் கால்வாயில் பிறந்து வளர்ந்த ஒரு வயசு போன மனிசர் சொன்னது. அவர் என் வேலையைப் பார்த்துச் சொன்ன ஒரே வசனமும் அதுதான்.

ஆனால் என்னை மாதக் கணக்கில் தோற்கடித்தது தூரிகையும் இல்லை, மஞ்சளும் இல்லை, பனி. இனாமல் தோல் கட்ட முதல் ஈரம் இறங்கினால் பளபளப்பு செத்துவிடும். சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல். ஒக்டோபரில் பின்னேரம் மூன்று மணிக்கே கால்வாய்ப் பள்ளத்தில் ஈரம் இறங்கத் தொடங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. கையால் இரும்பைத் தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். தார்ப்பாய்க் கூடாரம் கட்டினேன், உள்ளே ஹீட்டர் வைத்தேன். காஸ் ஹீட்டர் எரியும்போது அதுவே நீராவியை விடும் என்பதால் கரண்ட் ஹீட்டர்தான். அப்படியும் 'ஆர்' எழுத்தின் கால் மங்கியது. கடைசியில் வென்றது நேரக் கணக்கு: காலமைப் பனி காய்ந்து இரும்பில் சூடு ஏறின பிறகு தொடங்கி, மத்தியானத்தோடு தூரிகையை வைத்துவிட வேணும். அதுவும் சித்திரை வைகாசியில். பெயின்ற் பேணியை இளஞ்சூட்டுத் தண்ணீர் வாளிக்குள் வைத்திருந்தால் இழுவை எண்ணெய் மாதிரி ஓடும்.

தண்ணீரில் மிதக்கும் போட்டுக்குப் பெயர் மாற்றினால் தரித்திரம் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் விஷயம். கரையில் ஏற்றித்தான் மாற்ற வேணும். நான் இதை நம்புகிறேனா என்று கேட்காதீர்கள், டொக்குக்குக் காசு கட்டியிருக்கிறேன். எங்கள் வல்வெட்டித்துறை ஓடாவிகள் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணியை அமெரிக்கர் றொபின்சன் விலைக்கு வேண்டி, 'ஃபுளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று மனைவியின் பெயரை வைத்தார். அந்தப் பெயரோடுதான் அவள் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து மாசசூசெட்ஸின் குளொஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆக, பெயர் மாறினால் கப்பல் ஓடாது என்றில்லை. ஆனால் ஊரில் இன்றைக்கும் ஆரும் அவளை ஃபுளோரன்ஸ் என்று சொல்வதில்லை. கடதாசி வேலை பெரிதாக இல்லை: கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிறஸ்டுக்குப் புதுப் பெயரை அறிவிக்க வேணும், போட்டின் இலக்கம் மாறாது.

போட்டின் அடித்தளம் பற்றிக் கேட்டவர்களுக்கு: இதற்கு அசலாக இருந்தது எல்ம் பலகை, குறுக்கே அடுக்கினது. எல்ம் எப்போதும் நனைந்து கிடந்தால் உழுத்துப் போகாது, அதுதான் அதன் சிறப்பு. ஆனால் 1970களில் பரவின நோயில் இங்கிலாந்தின் எல்ம் மரங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. பிறைட்டன் பக்கம்தான் இன்னும் கூட்டமாக நிற்கின்றன. எனக்கு முதல் வைத்திருந்தவர்கள் இரும்புத் தகடு வெல்ட் பண்ணிவிட்டார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்த தகட்டின் தடிப்பு நல்லாக வந்திருக்கிறது, காப்புறுதிக்காரர் கேட்கும் 4 மில்லிமீற்றருக்கு மேலே, அதனால் கைவைக்கவில்லை. தூய்மைவாதிகள் மன்னிக்க.

எஞ்சினும் பிறகு மாற்றின லிஸ்டர், காற்றில் ஆறுகிற வகை. சத்தம் மெசின்கன் மாதிரி. இந்தப் போட்டுகளுக்கு வந்த நாஷனல் அல்லது றஸல் நியூபெரி இரட்டைச் சிலிண்டர் 18 குதிரைவலு ஒன்று கிடைத்தால் மாற்ற ஆசை. ஒருவர் கியர்பொக்ஸ் இல்லாமல் ஒன்று வைத்திருக்கிறார், விலையைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். முதலில் பின் கேபினுக்குள் ஓக் மரம் மாதிரிச் சீப்பால் இழுக்கும் பெயின்ற் வேலை முடிய வேணும். அடுப்பு வந்து சேர்ந்துவிட்டது, புகைபோக்கி வரவில்லை.

அதற்கும் முதல் வலப்பக்கம். அந்தப் பக்கம் டொக் சுவரை ஒட்டி நிற்கிறது, ஒரு ஆள் பக்கவாட்டாக நுழையலாம், பின்னால் நகர்ந்து பார்க்க இடமில்லை. திருப்பி விட வேணும் என்றால் டொக்கில் தண்ணீர் நிரப்ப வேணும், அப்படியென்றால் ஒரு பக்கம் நட்சத்திரமும் மறுபக்கம் பாதி உரசின டிரீம் கேச்சருமாக மிதக்கும். அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம்.

ஆகவே இடப்பக்க எழுத்தை அப்படியே சுவர்க் கடதாசியில் பிரதி எடுத்திருக்கிறேன். மனிசியின் தையல் பெட்டியில் இருந்த பல்லுச் சில்லால் கோடு நீளத்துக்கும் ஓட்டை போட்டாயிற்று. கடதாசியைச் சுவரில் ஒட்டி, சோக்குத் தூளைப் பழைய காலுறைக்குள் கட்டித் தட்டினால் புள்ளி புள்ளியாக எழுத்து இறங்கும். தூர நின்று பார்க்கும் வேலையை இடப்பக்கம் ஏற்கெனவே செய்துவிட்டது. வெள்ளைச் சோக் வேண்டும், நிறச் சோக்கின் சாயம் மஞ்சளோடு கலந்துவிடும். டொக் இன்னும் இரண்டு கிழமை எங்களிடம்தான். வியாழன் வரைக்கும் மழை என்று சொல்கிறார்கள், வெள்ளி காலமை பார்ப்போம்.