கிழட்டுக் குதிரையும் சலமும்

வன்னியில் மிருக வைத்தியம் பார்ப்பவருக்குக் குதிரை வாய்ப்பது அபூர்வம். மாடு, ஆடு, கோழி, அப்புறம் நாய்களுக்கு ஊசி என்றே நாள் போய்விடும். குதிரை என்றால் எங்கள் சனத்துக்கு நெடுந்தீவுதான் ஞாபகம் வரும். ஆனாலும் ஆசைக்கு வளர்க்கிறவர்கள் அங்கொருவர் இங்கொருவர் இருக்கிறார்கள். அவர்கள் கூப்பிட்டால் பெரும்பாலும் சலத்தை, அதாவது மூத்திரத்தைப் பற்றித்தான் பேச்சு.

"டொக்டர், சுண்ணாம்புத் தண்ணி மாதிரிப் போகுது. கிட்னி போட்டுதோ?"

இந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளுவதில்லை. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயால் சொந்தத்தில் ஆளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குதிரையின் சலம் கலங்கித்தான் இருக்கும். தீனியில் உள்ள கல்சியத்தை அதன் குடல் தாராளமாக உறிஞ்சிவிடும். மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். அதனால் கல்சியம் காபனேற்றுத் துகளும் சளியும் சேர்ந்து வரும். சீமெந்துத் தரையில் காற்றுப் பட்டபின் செம்மண் நிறமாக மாறினாலும் அது இரத்தம் என்று சொல்லிவிட முடியாது. மாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதெல்லாம் வருத்தமாகத்தான் தெரியும்.

எனக்கு நிறத்தைவிட, குதிரை நிற்கிற விதம்தான் முக்கியம். கிளிநொச்சியில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருபது வயது தாண்டிய, நலமடித்த குதிரை ஒன்றை வைத்திருந்தார். கால்களை அகட்டி, உடம்பை நீட்டிச் சலம் விட்டது. விட்டு முடிந்தும் அப்படியே நின்றது. வால் தூக்கியபடி, சொட்டுச் சொட்டாக. பின்னங்கால்களின் உட்பக்கத்தில் மயிர் கொட்டி, தோல் சலம் பட்டு வெந்திருந்தது.

சைலசின் என்ற மயக்க ஊசி போட்டதும் தலை தொங்கி, உறைக்குள் இருந்த குறி தளர்ந்து வெளியே வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவினேன். நுனியில் சலத்துவாரத்தைச் சுற்றி ஒரு குழி உண்டு. விரலை விட்டுத் தடவியபோது கட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. மெல்ல நெம்பி எடுத்தால், கச்சான் பருப்பளவில் சாம்பல் நிற அழுக்கு உருண்டை. நாற்றம் சொல்லவேண்டியதில்லை. ஐயா குதிரையின் கழுத்தில் தட்டி, "இதுக்கோடா இவ்வளவு பாடு?" என்றார்.

அத்தோடு விட்டுவிடலாம்தான். ஆனால் கிழட்டு விலங்கில் ஒரு காரணம் கிடைத்தால் இன்னொன்று இல்லையென்று ஆகாது. மலவாசல் வழியாகக் கைவிட்டுச் சலப்பையையும் பார்த்தேன். வயது போனால் சிலவற்றில் பை முழுதாகக் காலியாகாது. துகள்கள் அடியில் சேறாகப் படியும், கல்லாகவும் திரளும். ஓடவிட்டபின் சலத்தில் இரத்தம் கண்டால் கல்லைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஆணுக்குச் சலக்குழாய் நீளம், ஒடுக்கம், அடைத்தால் ஆபத்து. சத்திரசிகிச்சை என்றால் பேராதனை மிருக வைத்தியசாலைக்கு லொறியில் ஏற்றவேண்டும், இந்த வயதில் அந்தப் பயணமே ஒரு தண்டனை. நல்லகாலம், பை மெதுவாக, வெறுமையாக இருந்தது.

பிறகு தீனிக் கதை. பல் தேய்ந்துவிட்டதால் மெதுவான குழை நல்லதென்று, ஆட்டுக்கு வெட்டிய இபில் இபிலையே குதிரைக்கும் போட்டிருக்கிறார். அதில் கல்சியமும் அதிகம், தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். நிறுத்தச் சொன்னேன். முழங்கால் நோவுக்கு யாரோ கொடுத்த குளிசையையும் நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் குறைந்த உடம்பில் நோமாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

"அப்ப கிணத்துத் தண்ணி கூடாதோ, டொக்டர்?"

"குடிக்காமல் விடுறதுதான் ஐயா கூடாது."

எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, மாடுகளோடு ஒரே தொட்டி. குதிரைக்குத் தனி வாளி வைத்து, காலையும் பின்னேரமும் அளந்து ஊற்றச் சொன்னேன். குறைந்தால் ஒரு கவலை. திடீரெனக் கூடி, வெயில் காலத்திலும் உடம்பு மயிர் கொட்டாமல் நீண்டு வளர்ந்தால் வேறொரு கவலை, அது மூளையடிச் சுரப்பியின் வருத்தம். எதுவானாலும் எனக்கு நிறத்தைச் சொல்லாமல் லீற்றரைச் சொல்லுங்கோ என்றேன்.