கிராண்ட் எத்தனையாவது இடம்?

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரின் பொது நூலகத்தில், தகவல் மேசையில் சில வருஷம் வேலை பார்த்தேன். பிப்ரவரி மாதம் மூன்றாவது திங்கட்கிழமை அங்கே அதிபர்கள் தினம். 2018-இல் அதற்கு ஒரு காட்சிப் பலகை வைக்க முடிவானது. வரலாற்றாசிரியர்கள் அதிபர்களை எப்படி வரிசைப்படுத்தியிருக்கிறார்கள் என்று தொகுக்கும் வேலை எனக்கு வந்தது. அரை நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இணையத்தில் கிடைத்த ஓர் அட்டவணையைப் பார்த்து ஆளுக்கொரு அட்டை எழுதி, அன்று சாயங்காலமே மூத்த நூலகரிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் மேலே இருந்த நாலைந்து அட்டைகளைப் புரட்டினார். யுலிசிஸ் கிராண்டின் அட்டையில் நிறுத்தினார். அதில் 33 என்று எழுதியிருந்தேன்.

"எந்த வருஷம்? யாரைக் கேட்டார்கள்?"

என்னிடம் பதில் இல்லை. நான் பார்த்த அட்டவணையிலும் இல்லை. "கண்டுபிடித்துவிட்டு வாருங்கள்" என்று கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் பழைய இதழ்கள் இருக்கும் அடித்தளத்துக்குப் போனேன். ஹார்வர்டு பேராசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர் 1948-இல் லைஃப் இதழுக்காக நடத்திய கணிப்புதான் இந்த வரிசைகளுக்கெல்லாம் தொடக்கம். நவம்பர் 1 தேதியிட்ட இதழ் அது. மறுநாள் அதிபர் தேர்தல். பைண்டு செய்த தொகுதியை இரண்டு கையாலும் தூக்கித்தான் மேசையில் வைக்க முடிந்தது. கார், சிகரெட் விளம்பரங்களைத் தாண்டித் தாண்டிப் போய்க் கட்டுரையைப் பிடித்தேன். ஷ்லெசிங்கர் 55 பேரைக் கேட்டிருந்தார். ஒவ்வோர் அதிபரும் மகத்தானவரா, மகத்தானவருக்கு அடுத்த படியா, சராசரியா, அதற்கும் கீழா, தோல்வியா என்பதுதான் கேள்வி. பதவியில் இருந்த ட்ரூமன், 31 நாளில் இறந்துபோன வில்லியம் ஹாரிசன், பதவியேற்ற சில மாதங்களிலேயே சுடப்பட்ட கார்ஃபீல்டு மூவரையும் விட்டால் மீதி 29 பேர். லிங்கன் முதலிடம். கிராண்ட் 28. அவருக்குக் கீழே ஹார்டிங் மட்டும்தான்.

ஷ்லெசிங்கரே 1962-இல் நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழுக்காக 75 பேரிடம் மறுபடி கேட்டார். எங்களிடம் அது மைக்ரோஃபிலிமில் இருந்தது. சுருளைக் கோத்துக் குமிழைத் திருகினால் பக்கங்கள் ஓடும். கொஞ்சம் கை வேகமானால் ஒரு வாரம் தாண்டிவிடும்; திரும்பிப் பின்னால் வர வேண்டும். ஒரு மணி நேரத்தில் கண் வலித்தது. அங்கே கிராண்ட் 31-க்கு 30. ஐசன்ஹோவர் 22. அப்போது பதவியில் இருந்த கென்னடிக்கும் வாக்குச்சீட்டு போயிருக்கிறது. நிரப்பத் தொடங்கிய அவர், அது சரியல்ல என்று பாதியிலேயே விட்டுவிட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு மதிப்பெண் போடுவது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் இணையத்துக்குத் திரும்பினேன். இந்த முறை நேராக சி-ஸ்பான் தொலைக்காட்சியின் சொந்தத் தளத்துக்கே போனேன். 2000-ஆம் ஆண்டுக் கணிப்பில் கிராண்ட் 41-க்கு 33. என் அட்டையில் இருந்தது இந்த எண். 2009-இல் 23, 2017-இல் 22. அலமாரியில் கிடைக்காத ஒன்று அந்தத் தளத்தில் இருந்தது: பத்துத் தகுதிகளுக்குத் தனித்தனி மதிப்பெண். அதில் ஒன்று, எல்லோருக்கும் சம நீதி கிடைக்க அதிபர் என்ன செய்தார் என்பது. 1948-இல் அப்படித் தனியாக யாரும் கேட்கவில்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை வந்த காலத்தை, கிராண்ட் ஆட்சியும் அடங்கிய காலத்தை, ஒரு பெரிய தவறு என்றே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவர்களும் எழுதிவைத்தார்கள். கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் 1935-இலேயே அதை மறுத்து எழுதியும் கல்விக்கூடங்கள் பல காலம் காதில் வாங்கவில்லை. 1948-இல் மதிப்பெண் போட்டவர்கள் பலரும் டன்னிங் வழிப் பாடத்தைப் படித்து வந்த தலைமுறை. கிராண்ட் ஆட்சியின் ஊழல்கள் உண்மை. ஆனால் 1871-இல், கறுப்பின மக்களைத் தாக்கிவந்த கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளையர் ரகசியக் கும்பலை ஒடுக்கச் சட்டம் கொண்டுவந்து, தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் படையை வைத்து நூற்றுக்கணக்கானவர்களைக் கைது செய்ததும் அதே ஆட்சிதான். ஊழல் மட்டும் பெரிதாகத் தெரிந்த வரிசை ஒன்று. இதையும் சேர்த்துப் பார்த்த வரிசை இன்னொன்று. செத்து நூறு வருஷத்துக்கு மேலான மனிதர் புதிதாக எதுவும் செய்துவிடவில்லை.

ஜாக்சனுக்கு இது தலைகீழ். 1948-இல் மகத்தானவர்களில் ஒருவர். பூர்வகுடிகளை ஊரைவிட்டு விரட்டிய 1830 சட்டம் கணக்கில் ஏற ஏற இறங்கிக்கொண்டே வந்து, 2017-இல் 18. ஐசன்ஹோவரோ, அவருடைய ஆவணங்கள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்ட பிறகு மேலேறி, 2017-இல் 5-ஆம் இடம்.

எல்லா அட்டைகளையும் புதிதாக எழுதினேன். எண்ணுக்குப் பக்கத்தில் வருஷம், மொத்தம் எத்தனை பேரில், கேட்டது யார். மூத்த நூலகர் கிராண்டின் அட்டையை நின்று வாசித்துவிட்டு, அதைப் பலகையின் நடுவில் குத்தச் சொன்னார். லிங்கன் ஓரத்துக்குப் போனார்.

2021 ஜூன் கடைசியில் சி-ஸ்பானின் அடுத்த வரிசை வந்தது. பலகை எப்போதோ கழற்றப்பட்டிருந்தாலும் அட்டைகளைப் பத்திரமாக வைத்திருந்தேன். கிராண்டின் அட்டையில் கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் எழுதினேன்: 2021, சி-ஸ்பான், 142 பேர், 44-க்கு 20.