லீவுதான்

ஒரு மூன்று மாதம் பிந்திப் பிறந்திருந்தால் எனக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்திருக்கும். 2026 ஜூலை முதல் சிங்கப்பூரில் ஓய்வு வயது 64. ஆனால் அது 1963 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான். நான் ஏப்ரல்; எனக்கு 63தான். அம்மா அவசரப்பட்டுவிட்டார்.

மறுவேலை கேட்டு வாங்கினால் 69 வரைகூட ஓட்டலாம். முழங்கால் சம்மதிக்கவில்லை. மத்திய சேம நிதியிலிருந்து மாதாமாதம் பணம் வர 65 ஆக வேண்டும். இடைப்பட்ட இரண்டு வருடத்துக்குக் கோப்பிக் காசு வரை கணக்குப் போட்டு நோட்டில் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்ன செய்வது என்பதற்கு மட்டும் அந்த நோட்டில் கட்டமே இல்லை.

வேலையிடத்தில் ஒரு வகுப்பு வைத்தார்கள், ஓய்வுக்கு மனதைத் தயார்செய்ய. "வேலையைச் சொல்லாமல் நீங்கள் யார் என்று ஐந்து வரி எழுதுங்கள்" என்று தாள் கொடுத்தார் அந்தப் பெண். கணவன். அப்பா. ஜூரோங் வெஸ்ட்வாசி. நாலாவதாக 'ரத்த அழுத்தம் உள்ளவன்' என்று எழுதினேன். ஐந்தாவது வரவே இல்லை. வீட்டில் அந்தத் தாளைப் பார்த்த மனைவி, 'கணவன்' பக்கத்தில் பேனாவால் சின்னதாக எழுதி வைத்திருந்தாள்: 'ஞாயிறு மட்டும்'.

சரி, ஒத்திகை பார்ப்போம் என்று மிச்சமிருந்த லீவில் ஒரு வாரம் எடுத்தேன்.

திங்கள் காலை 4.50க்கு வழக்கம்போல விழிப்பு வந்தது. சவரம்கூடச் செய்துவிட்டேன். அப்புறம் சோபாவில் உட்கார்ந்து, துவாஸ் போகும் பஸ் இந்நேரம் எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று யோசித்தேன். ஒன்பது மணிக்கு மனைவி கிளம்பினாள். மார்க்கெட், அப்புறம் புளோக் கீழே உடற்பயிற்சி. "ரெண்டுலேருந்து மூணு வரைக்கும் நான் தூங்குவேன், சத்தம் போடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனாள்.

முப்பத்தொரு வருடம் ஸ்டோர் பார்த்தவன் கை சும்மா இருக்குமா? சமையலறை அலமாரியைத் திறந்தேன். பார்த்ததும் பொறுக்கவில்லை. அடிக்கடி எடுக்கும் பொருள் முன்னால், மற்றது பின்னால். ஒவ்வொரு போத்தலுக்கும் ஸ்டிக்கர், தேதியோடு. தணிக்கைக்கு யார் வந்தாலும் குறை சொல்ல முடியாது.

ஒரே சின்னப் பிசகு. சோம்புக்குச் சீரகம் என்று ஒட்டி, சீரகம் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அவள் ஸ்டிக்கரைப் பார்த்தெல்லாம் சமைப்பவள் இல்லை. பேசிக்கொண்டே இருப்பாள், கை தானாகப் போய் எடுக்கும். அன்றைக்கு ரசம் குருமா வாசத்தில் கொதித்தது. கரண்டியும் கையுமாக ஒரு நிமிடம் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் கை தானாப் போற எடத்துல நீங்க ஏங்க கை வச்சீங்க?"

எனக்குப் பதில் இல்லை.

"கீழ போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்க. மெதுவா வந்தா போதும்."

கோப்பிக்கடை ஆண்ட்டி என்னை வாரநாளில் பார்த்ததே இல்லை. "அங்கிள், டுடே நோ வொர்க் ஆ?" என்றார். "லீவு, லீவு" என்றேன், கேட்காதவருக்கும் கேட்கும்படி. பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங்கோடு ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் தமிழ் முரசு விரித்திருந்த பெரியவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"லீவா தம்பி?"

"ஆமாண்ணே. ஒரு வாரம்."

அவர் பக்கத்தைப் புரட்டினார்.

"நானும் லீவுதான். ஒம்பது வருசமாச்சு."