அடுத்த எழுத்து என்ன?

1980களின் நடுவில் கிருஷ்ணகிரியில் எந்தப் பேச்சுப் போட்டி நடந்தாலும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் எனக்குத்தான். அம்மா அவற்றில் பருப்பும் புளியும் கொட்டி வைத்திருந்தாள். எந்த இடத்தில் குரலை உயர்த்தினால் கை தட்டுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. மனசில் பட்டதைப் பேசியதாக மட்டும் நினைவில்லை.

வரலாறு எடுத்த சார் எனக்குக் கை தட்டிப் பார்த்ததில்லை. அவருக்கு நடுகல் பைத்தியம். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான், 2004இல்தான் பிரிந்தது. மாடுகளை மீட்கப் போய்ச் செத்த வீரர்களுக்கு எடுத்த கற்கள் அந்தப் பக்கத்து வயல்களிலும் மாந்தோப்பு ஓரங்களிலும் நிற்கும். வேடியப்பன் என்று எண்ணெய் ஊற்றிக் கும்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சார் எங்கள் நாலு பேரை சைக்கிளில் கூட்டிப்போவார். அவரிடமும் ஒரு சபாஷ் வாங்கிவிடலாம் என்றுதான் நான் போனேன்.

நனைத்த காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிக் குழிகளுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் கறுப்பின் நடுவே எழுத்து வெள்ளையாக எழும்பும். காகிதம் இல்லாத நாளில் வெயில்தான் துணை. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. காலை ஏழு மணிச் சாய்வெயிலில் ஒவ்வொரு கீறலுக்கும் நிழல் விழும், அப்போது படிக்கலாம். எழுத்து வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து வடிவம். ப, வ, ய மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடையில் இருக்கும். சரியாகப் படித்தால் சார் “அடுத்த எழுத்து என்ன?” என்பார். தப்பாகப் படித்தால், அதே குரலில், “திரும்பப் பாரு.” அவ்வளவுதான்.

ஒரு கல்லில் வீரனின் ஊர்ப் பெயரை நான் ‘ப’ என்று தொடங்கிப் படித்தேன். எங்கள் ஊரும் ப-வில் தொடங்குவதுதான். சாரிடம்கூடக் காட்டாமல் இலக்கிய மன்றக் கூட்டத்தில், “நம் ஊர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழசு!” என்று முழங்கிவிட்டேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கடைசி பெஞ்சில் சார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அதே கல்லுக்குக் கூட்டிப்போனார். துண்டை விரித்து உட்கார்ந்து கேழ்வரகு அடையைப் பிரித்தார். “கீழ் வரியில ‘பட்டான்’னு இருக்கு பாரு, அந்த ப-வையும் உன் ப-வையும் விரலால தடவிப் பாருடா.” பட்டான் என்றால் செத்தான், அநேகமாக எல்லா நடுகல்லிலும் வரும் சொல். தடவினேன். இரண்டும் வேறு வேறு வளைவு. காது சூடாகிவிட்டது.

“வ சார்.”

“ம். அடுத்த எழுத்து என்ன?”

திரும்பும்போது, கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “கல்லு அங்கேயேதானடா இருக்கு” என்று சைக்கிளை மிதித்தார்.

அடுத்த கூட்டத்தில் தப்பை நானே சொன்னேன். ஒருவரும் கை தட்டவில்லை. ‘கல்வெட்டு’ என்று பட்டப்பெயர்தான் மிச்சம். அப்படிக் கூப்பிட்டவர்களில் இருவர் இன்று இதை வெளியிடும் மலரின் ஆசிரியர் குழுவில் இருக்கிறார்கள். சரி, போகட்டும்.

துபாய்க்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஆபீசில் ரேட்டிங் வரும் வாரம் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும், பொய் சொல்வானேன். ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் போனில் எடுத்து வந்த கல்வெட்டுப் படங்களைப் பெரிதாக்கிக் கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு எழுத்தாக வரைவேன். ஆறு நோட்டு நிரம்பிவிட்டது. “இதையெல்லாம் யாருக்குக் காட்டப் போறீங்க?” என்பாள் மனைவி. காட்ட ஆள் இல்லை. தேடவும் இல்லை.

அந்தப் பழைய கல்லின் மூன்றாவது வரியில் இரண்டு எழுத்து இன்னும் பிடிபடவில்லை. போன லீவில் போனபோது எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் அப்பியிருந்தன. பூசாரியிடம் கேட்டு வைத்திருக்கிறேன். வரும் மே மாதம், அபிஷேகத்துக்குக் கல்லைக் கழுவும் அன்று, வெயில் ஏறுவதற்குள் போய் நிற்க வேண்டும்.