ஹீட்டருக்கு அடியில் பச்சை பக்கெட்

மூணு வாரமா பாத்ரூம் ஹீட்டர் ஒழுகிக்கிட்டிருந்தது. முதல் நாள் எப்பவாவது ஒரு சொட்டு. "வேர்க்குது போல"ன்னேன். மார்கழி மாசம் தர்மபுரியில மனுசனுக்கே வேர்க்காது, ஹீட்டருக்கு எங்க வேர்க்கும்னு வீட்டம்மா கேட்டதுக்கு இன்னும் பதில் யோசிச்சிக்கிட்டிருக்கேன்.

அடியில ஒரு பச்சை பக்கெட்டை வெச்சேன். நான் பார்த்த ரிப்பேர் வேலை அவ்வளவுதான். அப்புறம் வீடே அந்த பக்கெட்டை நம்பிப் பிழைக்க ஆரம்பிச்சிடுச்சு. வெதுவெதுன்னு இருந்த தண்ணியில அம்மா பாத்திரம் விளக்கி, மிச்சத்தை ஆற வெச்சு கறிவேப்பிலைக்கு ஊத்தினாங்க. பக்கெட் எத்தனை மணிக்கு நிறையும்னு பையன் துல்லியமா சொன்னான் (கணக்குல அவன் வாங்குற மார்க் வேற கதை). ஒகேனக்கல் பார்க்கணும்னு வந்த மச்சானை நேரா பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், "ஐந்தருவி இதான், பரிசல் மட்டும் இல்ல"ன்னு காட்டினேன். அவர் சிரிக்கல.

பிளம்பர் வந்து பார்த்துட்டு, "இது எலக்ட்ரீசியன் வேலைங்க"ன்னார். எலக்ட்ரீசியன் வந்து, "தண்ணி ஒழுகுறதுக்கு என்னை எதுக்குங்க கூப்பிட்டீங்க?"ன்னார். வந்து போன காசு வாங்குறதுல மட்டும் ரெண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்ல.

போன ஞாயித்துக்கிழமை அம்மா சீரியல் பார்த்துக்கிட்டிருக்கும்போது டப்புனு ட்ரிப் ஆகி வீடே இருட்டு. அப்பதான் எனக்குப் புத்தி வந்து, ஹீட்டர் எம்சிபியை இறக்கிட்டு, தண்ணி வர்ற வால்வையும் மூடினேன். மூணு வாரமா ஈரத் தரையில நின்னு அந்த சுவிட்சைத் தட்டியிருக்கோம்னு நெனச்சா இப்பவும் உள்ளங்கால் கூசுது.

கம்பெனி ஆள் வந்தார். டேங்குக்கு வாரண்டி 5 வருஷம். நம்மளது 5 வருஷம் 2 மாசம். எனக்கும் வாரண்டிக்கும் இருக்கிற ராசி அப்படி.

தண்ணியை வடிச்சுக் கழட்டினா, எலிமெண்ட் மேல கை கனத்துக்கு வெள்ளையா உப்பு. கூடவே ஒரு துருப்பிடிச்ச கம்பியை எடுத்துக் காட்டினார். "இது மேல மெக்னீசியம் இருந்துச்சுங்க. டேங்க் அரிக்காம இருக்க இது தன்னைக் கரைச்சுக்கும். இது தீர்ந்து போச்சு, தண்ணி டேங்கைத் தின்ன ஆரம்பிச்சிடுச்சு. வருசத்துக்கு ஒருக்கா பார்த்து மாத்தணுங்க."

வீட்டம்மா என் பக்கம் திரும்பி, "இந்த வீட்ல அந்தக் குச்சி யாருன்னு தெரியுதா?"ன்னாங்க. நான் டைல்ஸை எண்ணினேன்.

"உங்க போர் தண்ணிக்கு இது இத்தனை நாள் ஓடினதே பெரிசு"ன்னார் அவர். அம்மா அந்த உப்புக் கட்டி ஒண்ணைக் கையில எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இந்தத் தண்ணியைத்தான கண்ணு நாங்க சின்னதுல இருந்து குடிச்சோம்."

அம்மா பொறந்தது பென்னாகரம் பக்கம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்ததே 2013லதான். அதுக்கு முன்னாடி கிணறும் அடிபம்பும். அம்மா பல்லுல இருக்கிற பழுப்புக் கறை இந்த வெள்ளை உப்பு பண்ணினது இல்ல, அது அந்தத் தண்ணியில கரைஞ்சிருந்த ஃப்ளோரைடு. கண்ணுக்கும் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. அம்மா அப்பா கல்யாண போட்டோவுல ரெண்டு வீட்டு ஆளுங்களும் வாயை இறுக்கி மூடிக்கிட்டு நிப்பாங்க. ரொம்ப வருஷம் நான் அதை வெட்கம்னே நெனச்சிக்கிட்டிருந்தேன்.

முந்தாநாள் புது ஹீட்டர் மாட்டியாச்சு. 15 லிட்டர். "தண்ணி சூடானா விரியுங்க, வால்வுல ரெண்டு சொட்டு வரும், பயப்படாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனார்.

இன்னைக்குக் காலையில குளிக்கப் போனா, புது ஹீட்டருக்கு அடியில பச்சை பக்கெட்.

"அதான் சொட்டுதே"ங்கிறாங்க அம்மா, முகமெல்லாம் சிரிப்பு.